விக்கும் கார்புரேட்டர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): ஐயா, என்னிடம் எழுபதுகளில் வந்த ஃபோர்டு கார்ட்டினா இருக்கிறது. பழைய கார்புரேட்டர் தேய்ந்துபோனதால் வெபர் 32/36 டிஜிவி மாட்டியிருக்கிறேன். ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் அரை நொடி மூச்சடைத்து நிற்கிறது, பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறது. மெதுவாக அழுத்தினால் கோளாறே தெரிவதில்லை. மெக்கானிக் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மெயின் ஜெட் (ஓடும்போது பெட்ரோலை அளந்துவிடும் துளை) பெரிதானால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் வீணாகும். ரோபோட்டில் விக்கல் அப்படியே இருக்கும். மெதுவாக அழுத்தினால் சரியாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

த்ராட்டில் (காற்று வழியைத் திறக்கும் தகடு) சட்டென்று திறந்தால் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, அது கிளம்பி வரப் பிந்தும். போதாக்குறைக்கு மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில்) வெற்றிடம் குறைவதால், ஆவியாகப் போகவேண்டிய பெட்ரோலில் ஒரு பங்கு குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்த அரை நொடியில் காற்று–பெட்ரோல் கலவை மெலிந்துபோகிறது. அந்தக் குறையை ஈடுகட்டவே ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறது. உங்கள் வண்டியில் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் இரண்டு வாய்களில் சிறியதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி, த்ராட்டில் லீவரைக் கையால் வேகமாகத் திறங்கள். லீவர் அசைந்த அந்தக் கணமே பெட்ரோல் ஒரே கோடாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ, பக்கவாட்டில் சிதறினாலோ, லீவர் கொஞ்ச தூரம் போன பிறகுதான் வந்தாலோ பழுது அங்கேதான். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சோதனை முடிந்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், உள்ளே விழுந்த பெட்ரோல் ஆவியாகச் சற்று நேரம் விடுங்கள்.

பீய்ச்சல் சரியில்லையென்றால் கார்புரேட்டரின் பக்கத்தில் நான்கு ஸ்க்ரூக்களால் பிடித்திருக்கும் பம்ப் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே டயஃபிரமும் (மெல்லிய சவ்வு) ஸ்பிரிங்கும் இருக்கும். டயஃபிரத்தை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தாலும், ஊசி முனையளவு ஓட்டை தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். அதற்காக முழுக் கார்புரேட்டர் வாங்கத் தேவையில்லை, ரிப்பேர் கிட்டில் அது கிடைக்கும். திரும்ப மாட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்க்ரூக்களைத் தளர்வாகப் போட்டு, பம்ப் லீவரை முழுவதுமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இல்லையென்றால் டயஃபிரம் இழுபட்டு நின்று, பம்பின் வீச்சு குறைந்துவிடும். டயஃபிரம் நன்றாக இருந்தால் அடைப்பு பம்ப் ஜெட்டில் இருக்கும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டிகளில் உலர்ந்த பெட்ரோலின் பிசின் அங்கே படியும். கிளீனர் ஸ்ப்ரேயும் கம்ப்ரெசர் காற்றும் போதும். கம்பியை நுழைத்துக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் வீண்.

பீய்ச்சல் நன்றாக இருந்தும் விக்கல் போகவில்லையா? அப்படியானால் ஐட்லிங் ஸ்பீடு ஸ்க்ரூவைப் பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இது. இன்ஜின் நிற்காமலிருக்க அந்த ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போவார்கள். அளவுக்கு மீறினால் த்ராட்டில் தகடு சும்மா நிற்கும்போதே சற்றுத் திறந்து நிற்கும். த்ராட்டில் திறக்கத் தொடங்கும்போது பெட்ரோல் தரவேண்டிய சிறு துளைகள் முன்கூட்டியே வெளிப்பட்டுவிடும். அழுத்தும் நேரத்தில் கொடுக்க அவற்றிடம் ஒன்றும் மிஞ்சாது. ஸ்க்ரூவை முழுவதும் வெளியே எடுத்து, லீவரைத் தொட்ட இடத்திலிருந்து அதிகபட்சம் ஒன்றரைச் சுற்று உள்ளே விடுங்கள். மிக்ஸர் ஸ்க்ரூவை (ஐட்லிங்கில் கலவையைச் சரிசெய்வது) மெதுவாக அடிவரை திருகி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நுணுக்கமாகச் சரிசெய்யலாம். நல்ல ஐட்லிங்குக்கு மிக்ஸர் ஸ்க்ரூ இரண்டரைச் சுற்றுக்கு மேல் வெளியே வரவேண்டியிருந்தால் ஐட்ல் ஜெட் சிறியது. அதில் 50 என்று பொறித்திருந்தால் 55 போடுங்கள். ஒன்றரைக்குள் நின்றால் ஜெட் பெரியது. ஆனால் ஜெட் வாங்குமுன் கார்புரேட்டரின் அடிப்பக்க கேஸ்கட்டைச் சுற்றித் தண்ணீர் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் காற்று கசிகிறது. அதை அடைக்காமல் ஜெட் மாற்றுவது பணவிரயம்.

ஆக்சிலரேட்டரைப் பாதி தாண்டிய பிறகு விக்கினால் கதை வேறு. இரண்டாவது வாய் திறக்கத் தொடங்கும் கட்டம் அது. அதன் ஐட்ல் ஜெட் அடைத்திருக்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் கருவியின்) வாக்யூம் குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றி வாயால் உறிஞ்சி, நுனியை நாக்கால் அடையுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து, அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வாக்யூம் யூனிட்டின் டயஃபிரம் கிழிந்திருக்கிறது. பாயின்ட் இடைவெளியையும் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரம்) அப்போதே பார்த்துவிடுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று கழற்றப்படுபவற்றில் பல, உண்மையில் இக்னிஷன் கோளாறுதான்.

கேள்வி (டொங்காட்): ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒருவரிடம் நிசான் 1400 பக்கி (சிறிய பிக்கப் வண்டி) வாங்கி இங்கே கொண்டுவந்தேன். அங்கே சுத்தமாக ஓடியது. இங்கே மேடேறும்போது இருமுகிறது, சில நேரம் கார்புரேட்டர் வழியாகவே புகை தும்முகிறது. மூன்று நாளில் என்ன கெட்டிருக்கும்?

பதில்: எதுவும் கெடவில்லை, வண்டி இன்னும் ஜோஹன்னஸ்பர்க் காற்றுக்கே ட்யூன் ஆகியிருக்கிறது. அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கடற்கரை ஜெட்டுடன் அங்கே ஓட்டினால் கலவை சுமார் 9 சதவீதம் ரிச் (பெட்ரோல் மிகுதி) ஆகும். அதனால் அங்குள்ள மெக்கானிக்குகள் சிறிய மெயின் ஜெட் போடுவார்கள். அதே ஜெட் இங்கே வந்தால் கலவை அந்த அளவுக்கு லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும். கார்புரேட்டர் வழியாகத் தும்முவது லீனுக்கே உரிய அடையாளம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளையாக இருக்கும்.

மெயின் ஜெட்டைக் கழற்றி அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அந்த எண் துளையின் அளவாகவே இருந்தால் கணக்கு எளிது: உதாரணமாக 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். அப்படி 100-லிருந்து 105-க்குப் போனால் துளையின் பரப்பு சுமார் 10 சதவீதம் கூடும்; உங்களுக்கு அதுவே போதும். டைமிங்கையும் மறக்காதீர்கள். மேட்டுநிலத்தில் சிலர் அதைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைப்பார்கள். அங்கே 93 ஆக்டேன் பெட்ரோலிலும் தட்டல் வராது. கடற்கரையில் 95 போட்டாலும் வரலாம். டைமிங்கைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): என் மினி காரில் இருப்பது எஸ்யூ கார்புரேட்டர். ஆக்சிலரேட்டர் பம்பைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், காணவில்லை. விக்கல் மட்டும் இருக்கிறது.

பதில்: எஸ்யூவில் அந்தப் பம்பே கிடையாது. மேலே உள்ள மூடியைத் திருகிக் கழற்றினால் கம்பியோடு ஒரு டாம்பர் வரும். அது மூழ்கியிருக்கும் எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்கிறது. திடீரென அழுத்தும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மேலே துள்ளாமல் எண்ணெய் தடுப்பதால் காற்று வேகமாகப் பாய்ந்து கூடுதல் பெட்ரோலை இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் இல்லையென்றால் விக்கல் நிச்சயம். எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றுங்கள். கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஊற்றுகிறார்கள் சிலர். அது மிக மெல்லியது. மூடியைத் திரும்ப வைக்கும்போது, இன்னும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் இறங்கவேண்டியிருக்கையில் டாம்பர் எண்ணெயைத் தொட்டு எதிர்ப்பது கையில் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் மிச்சம் இன்ஜினுக்குள் போய்விடும்.

டாம்பரை வெளியே எடுத்துவிட்டு, ஏர் கிளீனர் பக்கமிருந்து பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’கென்ற சத்தத்தோடு விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் பிஸ்டனையும் அதன் கூண்டையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து மாட்டுங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள்.