பயிற்சியில் இருக்கும் லேப் டெக்னீசியனும் தற்காலிகப் பதிவும்: கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, நான் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) இரண்டாம் ஆண்டு மாணவன். பயிற்சிக்குப் போகும் லேபில், "புரொவிஷனல் (தற்காலிகப் பதிவு) வாங்கித் தருகிறோம், நைட் டியூட்டியைத் தனியாகப் பார்த்துக்கொள்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021, ஆய்வகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. அதில் சொல்லப்படும் தற்காலிகப் பதிவு, சட்டம் வருவதற்கு முன்பே இத்தொழிலில் இருந்தவர்கள் பதிவேட்டில் இடம்பெறுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே தவிர, படிப்பை முடிக்காத மாணவருக்குத் தரும் உரிமம் அன்று. மாணவர் ரத்தம் எடுக்கலாம், இயந்திரத்தை இயக்கலாம். ஆனால் தகுதி பெற்ற ஒருவர் அருகில் இருந்து, அவர் பொறுப்பேற்கும்போது மட்டுமே. இரவு இரண்டு மணிக்கு ஹீமோகுளோபின் 4 என்று இயந்திரம் காட்டினால், அது உண்மையான சோகையா, சலைன் ஏறிக்கொண்டிருக்கும் கையிலேயே ரத்தம் எடுத்ததால் நீர்த்துப்போன மாதிரியா என்று கேட்டுத் தெளிய உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிக்கவே உங்களைத் தனியாக விடப் பார்க்கிறார்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: தேர்ச்சி பெற்றதும் தரப்படும் புரொவிஷனல் சர்டிபிகேட் இருந்தால் போதாதா?

பதில்: போதாது. பட்டமோ பட்டயமோ கைக்கு வரும்வரை, நீங்கள் தேர்ச்சி பெற்றீர்கள் என்று கல்வி நிறுவனம் தரும் சான்று அது. தொழில் செய்யும் உரிமை, அந்தச் சட்டப்படி அமையும் மாநில கவுன்சிலின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுவதால் வருவது. பெயரில் ஒற்றுமை இருப்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

கேள்வி: ஆறே மாதத்தில் லேப் டெக்னீசியன் ஆகலாம் என்று விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?

பதில்: லேப் டெக்னீசியன் போன்ற இணை சுகாதாரத் தொழிலர் ஆவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது அதே சட்டம். ஒரு நாள்கூட விடுமுறை இல்லாமல் தினம் எட்டு மணி நேரம் படித்தாலும் 180 நாளில் 1440 மணிதான் தேறும். பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: டெஸ்ட் முழுவதையும் நான்தான் செய்கிறேன். ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டால் என்ன?

பதில்: நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவரே ஆய்வக அறிக்கையில் மேலொப்பமிட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முழுத் தகுதி பெற்ற டெக்னீசியனுக்கே இல்லாத உரிமையை மாணவர் கேட்க முடியாது. ஆனால் உள்பதிவேட்டில், மாதிரியை வாங்கியவர், பரிசோதித்தவர் என்ற இடங்களில் உங்கள் சுருக்கொப்பம் (இனிஷியல்) இருக்க வேண்டும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் குறைந்துவிட்டது என்று, ஊதா மூடிக் குழாயில் இருந்ததைக் கொஞ்சம் அதில் ஊற்றி நிரப்பினார் ஒரு பயிற்சி மாணவி. ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ., பொட்டாசியம் உப்பு; அது கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியம் வானத்துக்கு ஏறியும் கால்சியம் பாதாளத்துக்கு இறங்கியும் முடிவு வந்தது; நோயாளியோ வராண்டாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் கையெழுத்திடாமல் நிறுத்தி, பதிவேட்டில் இருந்த சுருக்கொப்பத்தைப் பார்த்து மாணவியை அழைத்துக் கேட்டதால், மறுமாதிரி எடுத்துப் பத்து நிமிடத்தில் விஷயம் தெளிவாயிற்று. அந்தச் சுருக்கொப்பம் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: என் மகள் இந்த மாதம் பயிற்சிக்குச் சேர்கிறாள். ஊசி குத்திவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, பயம் நியாயமானதே. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணையாகப் போட வேண்டும். கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. குத்திவிட்டால் விரலைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும். திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.