காகித ஆலைகளின் மாசைக் குறைத்தல்: கேள்வி பதில்

கூழ் ஆலைகளின் வேதிப்பொருள் மீட்புப் பிரிவிலும் கழிவுநீர்ப் பிரிவிலும் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். காடு வளர்ப்பு என் துறை அன்று. அது குறித்த கேள்விகளை வனவியல் அறிந்தவர்களிடம் கேட்பதே நல்லது.

வேதியியல் மாணவி: ஐயா, ஒரு கூழ் ஆலையில் பெரிய மாசு எந்த இடத்தில் உண்டாகிறது?

மரச்சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் அழுத்தத்தில் வேகவைப்பது கிராஃப்ட் முறை. மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் கூழாகிறது; நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் உள்ளிட்ட மறுபாதி கரைந்து, வேகவைத்த வேதிப்பொருள்களோடு சேர்ந்து கறுத்த நீர்மமாக வெளிவருகிறது. ஆலைக்காரர்கள் இதை பிளாக் லிக்கர் என்பார்கள். இது அப்படியே ஆற்றுக்குள் போனால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் முழுவதையும் தின்றுவிடும். 1930களில் மீட்புக் கொதிகலன் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இதற்கு உருப்படியான வழி பிறந்தது. முதலில் ஆவியாக்கிகளில் நீரை வற்றவைத்து, திடப்பொருள் 65 முதல் 80 விழுக்காடு வரை வந்ததும் கொதிகலனில் தெளித்து எரிக்கிறார்கள். லிக்னின் எரிந்து நீராவியும் மின்சாரமும் தருகிறது. சோடியம் உப்புகள் உருகிய குழம்பாக அடியில் வழிகின்றன. அந்தக் குழம்பை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் வேகவைக்கும் கரைசல் மீண்டும் கிடைத்துவிடும். நன்றாக நடத்தப்படும் ஆலையில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள் இப்படித் திரும்பி வருகிறது.

ஆகவே மாசுக் குறைப்பு கழிவுநீர்த் தொட்டியில் தொடங்குவதில்லை, கூழைக் கழுவும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. சரியாகக் கழுவப்படாத கூழ், தன்னோடு பிளாக் லிக்கரை வெளுப்புப் பிரிவுக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே அது வெளுப்பு மருந்தைத் தின்று, பின்பு கழிவுநீரில் வந்து சேர்கிறது. பம்பின் சீல் கசிந்து தரையில் பழுப்பு நுரை ஓடுவதைப் பல ஆலைகளில் பார்த்திருக்கிறேன்; தண்ணீர்க் குழாயைத் திறந்து சாக்கடைக்குள் தள்ளிவிடுவது பணியாளரின் பழக்கம். அந்த வடிகாலில் ஒரு குழியும் மின்கடத்துதிறன் மானியும் வைத்து, அளவு ஏறியதும் நீர்மம் தானாகவே ஆவியாக்கிக்குத் திரும்பும்படி செய்துவிட்டால், சுத்திகரிப்பு நிலையத்தின் பாரம் கண்கூடாகக் குறையும்.

சிற்றாலை உரிமையாளர்: எங்கள் கழிவுநீரின் சி.ஓ.டி. அளவு (மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்), லிட்டருக்கான வரம்புக்குள் இருக்கிறது. இனிக் கவலை இல்லை அல்லவா?

டன் ஒன்றுக்கு எவ்வளவு நீர் செலவழிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே! நிறைய நீர் ஊற்றினால் லிட்டருக்கான எண் தானே இறங்கிவிடும், ஆற்றில் சேரும் மாசோ அதே அளவுதான். ஒரு டன் கூழுக்கு எத்தனை கிலோ மாசு என்பதைக் கணக்கிடுங்கள். நீர்த்துப்போகச் செய்வது குறைப்பது ஆகாது.

அச்சகம் நடத்துபவர்: மரமே இல்லாத வைக்கோல் காகிதம் தூய்மையானதுதானே?

மூலப்பொருளை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது பிளாக் லிக்கரில் கரைந்து பிசுபிசுப்பைக் கூட்டுகிறது, ஆவியாக்கிக் குழாய்களில் கடினமான படிவாக ஒட்டிக்கொள்கிறது. இதனாலேயே சிறிய வைக்கோல் ஆலைகள் பல மீட்புப் பிரிவே இல்லாமல் இயங்கின. மீட்பு இல்லாத வைக்கோல் ஆலை, மீட்புள்ள மர ஆலையைவிட டன்னுக்குப் பல மடங்கு மாசை வெளியேற்றும். வாங்குமுன் அந்த ஆலையில் மீட்புப் பிரிவு உண்டா என்று கேளுங்கள்.

சூழல் ஆர்வலர்: குளோரினையே தடை செய்தால் வெளுப்புச் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?

குளோரின் வாயுவைக் கட்டாயம் கைவிட வேண்டும். அது லிக்னினோடு வினைபுரிந்து டையாக்சின்கள் என்னும் கொடிய நச்சுகளை உண்டாக்குகிறது என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. இன்று பெரும்பாலான ஆலைகள் குளோரின் டையாக்சைடைப் பயன்படுத்துகின்றன. பெயரில் குளோரின் இருந்தாலும், அது பெரும்பாலும் ஆக்சிஜனேற்றமே செய்வதால், குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள் மிகக் குறைவாகவே உண்டாகின்றன.

சூழல் ஆர்வலர்: குறைவு என்பது இல்லை என்று ஆகாது. வெளுக்க ஓசோனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும்போது குளோரின் எதற்கு?

ஆலைப் பொறியாளர்: பெராக்சைடு வழியில் நார் வலிமை குறைகிறது; அதே அளவு கூழுக்குக் கூடுதல் மரம் வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கையும் எழுதுங்கள்.

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. குளோரின் முற்றிலும் இல்லாத வழியின் பெரிய பலம், வெளுப்புப் பிரிவின் கழுவுநீரையும் மீட்புக் கொதிகலனுக்கே திருப்பலாம் என்பது. குளோரைடு கலந்த நீரைத் திருப்பினால் கொதிகலனில் ஒட்டும் படிவும் அரிப்பும் உண்டாகும். ஆனால் கூழில் உள்ள மாங்கனீசும் இரும்பும் பெராக்சைடைச் சிதைக்கின்றன. அவற்றைப் பிடித்து விலக்கச் சேர்க்கப்படும் ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் எளிதில் மட்காதது. எனவே அந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது.

நான் வற்புறுத்துவது இதற்கு முந்தைய படியை. வெளுப்புக்கு முன் ஆக்சிஜனாலும் காரத்தாலும் கூழைப் பதப்படுத்தினால், எஞ்சிய லிக்னினில் ஏறத்தாழப் பாதி அங்கேயே கழன்றுவிடும். அந்தக் கழுவுநீர் முழுவதையும் கொதிகலனுக்கு அனுப்பலாம். இந்தப் படி இல்லாத ஆலையில் ஓசோனா, குளோரின் டையாக்சைடா என்று வாதிடுவது வேரை விட்டு இலைக்கு மருந்தடிப்பது போன்றது.

சூழல் ஆர்வலர்: அப்படியானால் அந்தப் படிக்குப் பிறகும் குளோரின் சேர்மத்தை ஏற்கிறீர்களா?

ஆக்சிஜன் படியும், நல்ல கழுவலும், உயிரியல் சுத்திகரிப்பும் உள்ள ஆலையில் ஏற்கிறேன். அவற்றுள் ஒன்று இல்லாவிட்டாலும் ஏற்கமாட்டேன். அதைவிட எளிய வழி ஒன்றை வாங்குபவர்களே திறக்கலாம். உறைக்கும் பெட்டிக்கும் கைதுடைக்கும் தாளுக்கும் பளீர் வெண்மை தேவையே இல்லை. வெண்மையைக் கேட்காவிட்டால் அதற்கான மருந்தும் செலவாகாது.

பள்ளி ஆசிரியர்: பழைய காகிதத்தை மட்டுமே பயன்படுத்தினால் மரம் வெட்டுவதை நிறுத்திவிடலாம் அல்லவா?

இயலாது. ஒரு நார் ஏறத்தாழ 5 முதல் 7 சுற்று வரை தாங்கும். பிறகு உடைந்து, மை நீக்கும்போது கசடோடு போய்விடும். புதிய நாரைச் சிறிதளவாவது சேர்த்தே ஆக வேண்டும். இருந்தாலும் பழைய காகிதத்தைத் தரம் பிரித்துச் சேகரிப்பது மிகப் பயனுள்ள பணி. மாணவர்களைத் தயங்காமல் ஈடுபடுத்துங்கள்.

கல்லூரி மாணவர்: நூறு விழுக்காடு மறுசுழற்சி ஏன் முடியாது?

மேலே ஆசிரியருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

இன்னொருவர்: காகிதத்துக்காக மரம் வெட்டுவதையே நிறுத்தினால் என்ன?

இதற்கும் அதுவே பதில். கேள்வி அனுப்புமுன் முந்தைய பதில்களைப் படிக்குமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரவியல் மாணவி: காகித இயந்திரத்தில் ஆற்றலை எங்கே சேமிக்கலாம்?

இயந்திரத்தின் தலைப்பெட்டிக்கு, அதாவது கூழை வலைமேல் பரப்பும் பெட்டிக்கு, வரும் கலவையில் நார் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, மற்றது நீர். வலையில் வடிந்தும் உருளைகளில் பிழியப்பட்டும் போகாத நீரைத்தான் நீராவியால் உலர்த்த வேண்டியிருக்கிறது. அதுவே செலவு மிக்க கட்டம். பிழியும் பகுதியிலிருந்து வெளிவரும் தாளின் உலர்நிலை ஒரு விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தால், உலர்த்தும் நீராவியில் ஏறத்தாழ 4 விழுக்காடு மிச்சமாகும். முதலில் அங்கே கவனம் செலுத்துங்கள்.

ஆலைப் பொறியாளர்: வலையில் வடியும் வெள்ளை நீரை முழுவதும் திருப்பிப் பயன்படுத்தலாமா?

பெரும்பகுதியைத் திருப்பலாம். முழுவதும் அடைத்துவிட்டால் உப்பும் கரைந்த கரிமப் பொருளும் சேர்ந்து, நுண்ணுயிர்ச் சளியும் துர்நாற்றமும் உண்டாகும். ஆகவே திருப்பும் அளவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அப்போது வெளியேறும் நீரில் லிட்டருக்கான எண் ஏறும், மேலாளர் பதறுவார். டன்னுக்கான கிலோ கணக்கை அவரிடம் காட்டுங்கள்.