தோழி நிற்பது எதற்கு?

கேள்வி: சிநேகிதியின் கல்யாணத்தில் என்னைத் தோழியாக நிற்கச் சொல்கிறார்கள். ஒரே நிறத்தில் ஆறு பேர். சேலை 9,500 ரூபாய், என் செலவு. இந்த வழக்கம் நம்முடையதா, சிங்களவர்களுடையதா?
– வாசகி ஒருவர், மஸ்கெலியா

பதில்: யாருடையது என்பது இருக்கட்டும். 'நிற்க' என்று எழுதிவிட்டீர்களே, அதை விட எனக்கு மனசில்லை.

சங்கப் பாட்டுத் தோழியும் நின்றவள்தான். தலைவியின் காதலைச் செவிலித்தாயிடம் பக்குவமாகப் போட்டு உடைத்து, கல்யாணம் வரை கொண்டுபோவாள். அதற்குப் பெயரே 'அறத்தொடு நிற்றல்'. தலைவனை அலையவிடுவாள், எப்போது கல்யாணம் என்று நெருக்குவாள். சேலை நிறம் பற்றி ஒரு வரி பேசியதாக நினைவில்லை. குறிஞ்சிக்காரி வேறு, மலைநாட்டுக்காரர் நமக்குச் சொந்தம் மாதிரி.

வரிசைகட்டி நிற்பதைச் சிங்களவர் தலையில் போடாதீர்கள், அது சீமைச் சரக்கு. 1840இல் விக்டோரியா மகாராணி கல்யாணத்தில் 12 தோழிகள், அத்தனை பேருக்கும் வெள்ளை. அந்தக் காலத்தில்தான் நம் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இப்போது நம் பிள்ளைகள் நுவரெலியா விக்டோரியா பார்க்கில் நின்று படமெடுக்கிறார்கள். மகாராணி விடுவதாயில்லை.

படமெடுக்கும் தம்பிமாரோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஹட்டனில் ஒரு கல்யாணம். தாலி கட்டப்போகிற நேரம், "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க, உங்க சட்டை தீம் கலர் இல்ல" என்றான் ஒருவன். தள்ளித் தள்ளி மேடைக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே ஒரு தோழி. வாயில் நாலு பின், ஒரு கையில் மணப்பெண்ணின் போன், மறுகையில் ஸ்ட்ரோ போட்ட சோடாப் போத்தல். பெண் விடியற்காலையிலிருந்து பட்டினியாம். ஆல்பத்தில் அவளும் இல்லை, நானும் இல்லை.

சரி, உங்கள் கேள்வி. நம் கல்யாணத்தில் பழைய தோழி நாத்தனார். விளக்குப் பிடிப்பாள், மூன்றாம் முடிச்சுப் போடுவாள். அவளுக்குச் சேலை கொடுப்பார்களே தவிர, வாங்கிக்கொண்டு வா என்பதில்லை. பதிவுக்காரர் கேட்பதும் இரண்டு சாட்சியைத்தான், ஆறு நிறச்சேலையை அல்ல.

உங்கள் வீட்டில் யாராவது மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார்களா? போனால், 9,500க்கு எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் கூலி, விழ வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். அப்புறம் சிநேகிதியிடம் சொல்லுங்கள்: இருக்கிற சேலையில் வருகிறேன், பின்னும் சோடாவும் என் பொறுப்பு. சம்மதித்தால் நில்லுங்கள். இல்லையென்றால் பந்தியில் உட்காருங்கள், பக்கத்தில் நானும் இருப்பேன், அதே சட்டையில்.