பார்வையற்ற மாணவிக்கு வகுப்பிலேயே உதவுவது பற்றி

வணக்கம். சென்னைக் கல்லூரியொன்றில் பொருளியல் கற்பிக்கும் தாங்கள், பின்தங்கும் பார்வையற்ற மாணவியை உதவி மையத்துக்கு அனுப்பினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்றே கருதுகிறேன். அவர் தடுமாறுவது தங்கள் கரும்பலகையின் முன்னால்தான். ‘கோடு இங்கே இறங்குகிறது’ என்பதை விடுத்து, ‘விலை ஏற ஏற வாங்கும் அளவு குறைவதால் கோடு இடமிருந்து வலமாகச் சரிகிறது’ என்று வாய்விட்டு விளக்கினால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது தெளிவாகும். குறிப்புகளை வகுப்புக்கு முன்பே யூனிகோடு எழுத்தில் அனுப்புங்கள். கைபேசியில் எடுத்த படங்களையும் பழைய எழுத்துருக்களையும் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானால் சரிவரப் படிக்க இயலாது. தேர்வில் கூடுதல் நேரத்தையும், மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதும் பதிலி எழுத்தரையும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே குறிப்பிடுவதால், அவற்றை அவர் சலுகையாகக் கெஞ்சிக் கேட்கும் நிலை வரக்கூடாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவும் உள்ளது. எது உதவுகிறது என்பதை மட்டும் முதலில் அவரிடமே, தனியாகக் கேளுங்கள்.