நடந்தும் கொலஸ்ட்ரால் குறையவில்லையே?

கேள்வி: என் மொத்தக் கொலஸ்ட்ரால் 230 ஆக இருந்தது. மூன்று மாதங்களாகத் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தும் 215-க்குத்தான் இறங்கியிருக்கிறது. இரத்தக் கொழுப்புக்கு உடற்பயிற்சி உண்மையில் உதவுமா?

பதில்: உதவும், ஆனால் அந்த உதவியை மொத்த எண்ணில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நீங்கள் அனுப்பியுள்ள இரண்டு அறிக்கைகளிலும் கீழே உள்ள வரிகளைப் பாருங்கள். இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 250-லிருந்து 160-க்கு வந்திருக்கிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். 40-லிருந்து 42 ஆகியிருக்கிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். மட்டும் ஏறத்தாழ 140-லேயே நிற்கிறது. உடற்பயிற்சியால் பெரும்பாலும் நிகழ்வது இதுதான்.

தசைகளை ஒட்டிய நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி இருக்கிறது. இரத்தத்தில் மிதந்து வரும் டிரைகிளிசரைடை உடைத்து, கொழுப்பு அமிலங்களாகத் தசைக்கு எரிபொருளாகத் தருவது அதன் வேலை. உழைக்கும் தசையில் இந்த நொதியின் செயல்பாடு கூடுகிறது. அந்தக் கூடுதல் ஓரிரு நாள்களில் தணிந்துவிடுவதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சிரைக்க ஓடுவதைவிட, உங்களைப் போல இடைவெளி விடாமல் நடப்பதே மேல்.

எல்.டி.எல்.லின் கதை வேறு. அதை இரத்தத்திலிருந்து அகற்றும் பொறுப்பு பெரும்பாலும் கல்லீரலுடையது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவும் பரம்பரைக் காரணங்களும் அந்த வேலையைத் தடுக்கும்போது, நடை மட்டும் அதைச் சரிசெய்துவிடாது. உணவு மாற்றமும், தேவைப்பட்டால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும்தான் அங்கே வலுவான கருவிகள். நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் பலர். மருத்துவரிடம் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், வாரம் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நீங்கள் ஏற்கெனவே 210 நிமிடம் நடக்கிறீர்கள். இனிச் சேர்க்க வேண்டியது பின்னதுதான். நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு முந்தைய நாள் கடும் பயிற்சி எதுவும் வேண்டாம். டிரைகிளிசரைடு தற்காலிகமாக இறங்கி, வழக்கமான அளவைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.