ஈரலை எறிந்துவிட்டால் போதுமா?

கேள்வி: முழு மீனாக வாங்கி நானே நறுக்குவேன். சில நேரம் ஈரல் வெளிறி மஞ்சளாக இருக்கிறது. கன உலோகங்கள் மீனின் ஈரலைக் கெடுக்கும் என்று படித்தேன். வெளிறிய ஈரல் என்றால் அது நஞ்சேறிய மீனா? ஈரலை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாமா?

பதில்: நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக இரை தின்று கொழுத்த மீனுக்கும் ஈரல் வெளிறி இருக்கலாம். உலோகம் செய்யும் கேட்டைப் பெரும்பாலும் நுண்ணோக்கியும் ரத்தப் பரிசோதனையும்தான் காட்டும்.

செவுள் வழியாகவும் இரை வழியாகவும் வரும் காட்மியம், செம்பு போன்ற உலோகங்களை மெட்டாலோதையோனின் என்ற புரதத்தால் ஈரல் கட்டிப்போடுகிறது. வரத்து அதன் சக்திக்கு மிஞ்சும்போதுதான் சிக்கல். செல்கள் வீங்கிச் சிதைகின்றன, சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரைகிறது, உள்ளே இருக்க வேண்டிய ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. நமக்கு ஈரல் பரிசோதனை செய்யும்போது பார்க்கிறார்களே, அதே நொதிகள்தான். பாவம், அந்த நிலையிலும் மீன் வெளிப்பார்வைக்கு நலமாகவே நீந்திக்கொண்டிருக்கலாம்.

சரி, ஈரலை எறிவதால் பலன் உண்டா? காட்மியத்தைப் பொறுத்தவரை நிச்சயம் உண்டு. அது சதையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் அதிகம் தங்கும். நண்டு ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பகுதிக்கும் கணவாயின் குடலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பாதரசம் அப்படியில்லை. மீனில் பெரும்பாலும் காணப்படும் அதன் வடிவமான மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும், தோலை உரித்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் போகாது. அதனால் ஈரலைப் பார்ப்பதைவிட மீனின் வகையையும் வயதையும் பாருங்கள். மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழும் சுறா, வாள்மீன், பெரிய சூரை ஆகியவற்றில்தான் அதிகம் சேரும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018இல் வைத்த மெத்தில் பாதரச உச்சவரம்பு கிலோவுக்குச் சூரையில் 1.2 மில்லிகிராம், சுறாவில் 1.6 மில்லிகிராம். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் சுறாவும் வாள்மீனும் வேண்டவே வேண்டாம். மத்தி, நெத்திலி போன்ற குறைந்த ஆயுள் மீன்களை வாங்குங்கள்.

அப்புறம், எந்த நீரில் பிடித்த மீன் என்று விற்பவரிடம் கேளுங்கள். சுரங்கக் கழிவோ தொழிற்சாலைக் கழிவோ கலக்கும் ஆறு, ஏரி என்றால் ஈரலை மட்டுமல்ல, மீனையே தவிர்த்துவிடுங்கள்.