சுருங்கும் இன்ஜின்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கார்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய ஹாட்ச்பேக்தான். ஆனால் சூப்பர் கார் பைத்தியம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. 2011இல் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா ஒன் நடந்தபோது கடன் வாங்கிப் போய்ப் பார்த்தேன். அந்தச் சத்தத்தை மறக்கவே முடியாது.

இப்போது ஃபெராரி ஆறு சிலிண்டர் வி6 போடுகிறது. லம்போர்கினி வி10ஐத் தூக்கிவிட்டு டர்போ வி8 வைக்கிறது. மெர்சிடிஸ் சி63இல் நாலே சிலிண்டர். எல்லாவற்றிலும் கூடவே ஒரு பேட்டரி, மோட்டார். இவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவனுக்கு இதுதானா? ஆட்டோமொபைல் படிக்கிற என் அக்கா மகன், “வேகம் கூடியிருக்கா இல்லையா மாமா? சத்தமெல்லாம் வெறும் சென்டிமென்ட்” என்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டில் இதே சண்டை. யார் சொல்வது சரி?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

புகார் நியாயமானது. ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள்.

ஃபெராரி ரசிகர்கள் கும்பிடுகிற எஃப்40ஐ எடுத்துக்கொள்வோம். 1987இல் வந்தது. நிறுவனர் என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்து பார்த்த கடைசிப் புது மாடல் அதுதான். அதன் வி8 இன்ஜின் 2,936 சிசி, இரட்டை டர்போ, அதாவது புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி இரண்டு. நீங்கள் திட்டுகிற வி6 ஃபெராரி, 296 ஜிடிபி. அதன் இன்ஜின் 2,992 சிசி. சிலிண்டர் இரண்டு குறைவு, ஆனால் கொள்ளளவில் புதியதுதான் பெரியது. எஃப்40இன் டர்போ லேக்கை, அதாவது மிதித்த பிறகு ஒன்றும் நடக்காமல் திடீரென்று முதுகில் அறையும் அந்த இழுவையை, அதன் பெருமையாகவே பேசுகிறார்கள். ஆகவே சின்ன டர்போ இன்ஜின் என்பதாலேயே ஒரு வண்டி சூப்பர் கார் ஆகாது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. சிசி எவ்வளவு என்பதை இன்ஜினியர் மட்டும் முடிவு செய்த காலம் எப்போதுமே இருந்ததில்லை. ஒரு காலத்தில் இத்தாலியில் 2,000 சிசிக்கு மேல் போனால் 38 சதவீத வரி. கீழே இருந்தால் ஏறக்குறைய பாதி. அதற்காகவே 1980இல் ஃபெராரி தன் வி8ஐ 1,991 சிசிக்குச் சுருக்கி 208 ஜிடிபி என்று விற்றது. 155 குதிரைத்திறன்தான் வந்தது. ஃபெராரி சின்னம் ஒட்டிய வண்டிக்கு இது வெட்கக்கேடு என்பதால் 1982இல் அதில் டர்போவைப் பொருத்தி 220க்கு ஏற்றினார்கள். சாலையில் ஓடும் ஃபெராரியில் டர்போ நுழைந்தது இப்படித்தான், வரியைத் தவிர்க்கப் போய்.

இன்றைக்கு சீனாவில் நுகர்வு வரி 2,500க்கு மேல் 3,000 சிசி வரை 12 சதவீதம், 4,000 வரை 25, அதற்கு மேல் 40. இப்போது 296இன் 2,992ஐயும், மெக்லாரன் ஆர்ட்டுராவின் 2,993ஐயும், நீங்கள் சொன்ன வி8 லம்போர்கினியான டெமெராரியோவின் 3,995ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. சிரிக்காதீர்கள், நம்மூரிலும் வரிக்காகப் பெட்ரோல் சின்ன காருக்கு 1,200 சிசி வரம்பு இருக்கிறதே. உங்கள் ஹாட்ச்பேக்கின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், 1,197 என்றோ 1,199 என்றோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏமாந்த கோபமும் புதிதல்ல. 1988இல் ஜாகுவார் எக்ஸ்ஜே220ஐக் காட்டியபோது அதில் வி12 இருந்தது, நான்கு சக்கர இழுவை இருந்தது. 50,000 பவுண்டு முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு 1992இல் வந்து சேர்ந்தது 3.5 லிட்டர் டர்போ வி6, பின்சக்கர இழுவை மட்டும். மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அன்றைக்கு உலகின் வேகமான கார் என்று பெயர் வாங்கியது. ஆனாலும் முன்பணம் கட்டியவர்களில் சிலர் கோர்ட் படியேறினார்கள். பொருளாதார மந்தமும் ஒரு காரணம்தான், பணம் முடங்கியவனுக்கு வி6 நல்ல சாக்கு. ஆனால் வேகம் கூடினால் போதும் என்ற உங்கள் அக்கா மகனின் வாதம் அப்போதே ஒருமுறை தோற்றுவிட்டது என்று அவனிடம் சொல்லலாம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். அது சென்டிமென்ட் அல்ல, கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். நொய்டாவில் நீங்கள் கேட்ட 2.4 லிட்டர் வி8 நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும். அதாவது நொடிக்கு 300 சுற்று, சுற்றுக்கு நான்கு வெடிப்பு, ஆக 1,200. 2014இல் ஃபார்முலா ஒன்னுக்கு 1.6 லிட்டர் டர்போ ஹைபிரிட் (மின் மோட்டாரும் சேர்ந்த) வி6 வந்தது. விதிப்படி 15,000 வரை போகலாம். ஆனால் எரிபொருள் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பாயக்கூடாது, அந்த வரம்பு 10,500 சுற்றிலேயே தொட்டுவிடும். அதனால் ஓட்டியது 12,000 பக்கம்தான். நொடிக்கு 200 சுற்று, மூன்று வெடிப்பு, 600. சரி பாதி! அதிர்வெண் பாதியானால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் என்பது கச்சேரி கேட்கிற யாருக்கும் தெரியும். இந்தியாவில் பந்தயம் நடந்தது 2011, 12, 13 மூன்று வருடங்கள் மட்டுமே. நம் மண் கேட்டது முழுக்க மேல் ஸ்தாயி.

296ஐ அதன் இன்ஜினியர்கள் ‘குட்டி வி12’ என்று செல்லமாகக் கூப்பிடுவதும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. 8,500 சுற்றில் வி12 நொடிக்கு 850 முறை வெடித்தால் வி6 425 முறை வெடிக்கும். அதே சுருதி, ஒரு ஸ்தாயி கீழே. இரண்டு வரிசை சிலிண்டர்களையும் 120 பாகையில் விரித்து வைத்திருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் விழுகின்றன, சத்தத்தில் கரகரப்பு இல்லை. லம்போர்கினி வேறு வழியில் போயிருக்கிறது. முந்தைய மாடலான ஹுராக்கானின் வி10, 8,500 சுற்றில் நொடிக்கு 708 வெடிப்பு. டெமெராரியோவின் டர்போ வி8ஐ 10,000 சுற்று வரை சுழலவிட்டு 667க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சாலை காரின் டர்போ இன்ஜினுக்கு 10,000 என்பது கேள்விப்படாத சங்கதி. சத்தம் சென்டிமென்ட் என்றால் இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்களா?

சுருதியைக் கணக்குப் போட்டுக் காப்பாற்றலாம். காரத்தைக் காப்பாற்றுவது கஷ்டம். சிலிண்டரிலிருந்து வெடித்து வரும் புகை நேராக சைலன்ஸருக்குப் போகாமல் முதலில் டர்போவின் விசிறியைச் சுற்றுகிறது. 296இல் அந்த விசிறி நிமிடத்துக்கு 1,80,000 சுற்று வரை போகிறது. அதைச் சுற்றும் சக்தி எங்கிருந்து வரும்? சத்தமாக வெளியே வந்திருக்க வேண்டிய அந்தத் துடிப்பிலிருந்தும்தான். மிச்சத்தைப் புகை வடிகட்டி விழுங்குகிறது. அதனால்தான் வடிகட்டிக்கு முன்பிருந்தே ஒரு குழாய் இழுத்து, சத்தத்தை ஓட்டுபவர் காதுக்குக் கொண்டுபோகிறது ஃபெராரி. ஸ்பீக்கரில் பூசிப் பெருக்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

மருமகன் பக்கமும் பேச வேண்டும். எஃப்40இல் மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய அந்த இடைவெளியை 296இல் 167 குதிரைத்திறன் மோட்டார் அடைத்துவிடுகிறது. டர்போ வேகம் பிடிக்கும்வரை மோட்டார் தள்ளுகிறது, நமக்கு இடைவெளியே தெரிவதில்லை. இரண்டும் சேர்ந்து 830. ஃபெராரியின் 499பி பந்தய காரும் 3 லிட்டர் வி6 ஹைபிரிட்தான். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை 2023, 24, 25 என்று மூன்று வருடமும் தொடர்ந்து ஜெயித்தது. அந்த வகையில் பையன் சொல்வது சரி.

என்னுடைய கோபமெல்லாம் எடை மேல். எண்ணெய், தண்ணீர் ஊற்றாத கணக்கில் எஃப்40 1,100 கிலோ, 296 1,470 கிலோ. ஹுராக்கான் ஈவோ 1,422, டெமெராரியோ 1,690. வளைவில் இந்தக் கிலோவைக் குதிரைத்திறன் கொண்டு மறைக்க முடியாது. இதன் உச்சம்தான் நீங்கள் சொன்ன சி63. 6.2 லிட்டர் வி8, பிறகு 4 லிட்டர் டர்போ வி8 என்று வந்த வண்டியில் 1,991 சிசி இன்ஜினை வைத்தார்கள். மோட்டாரோடு சேர்ந்து 680 குதிரைத்திறன், காகிதத்தில் பிரமாதம். எண்ணெய் எல்லாம் சேர்த்து எடை 2,111 கிலோ! பேட்டரியில் மட்டும் ஓடினால் 13 கிலோமீட்டர். எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அங்கே தப்பு நாலு சிலிண்டர் அல்ல. முரட்டு வி8க்காகவே அந்தப் பெயரைத் தேடி வருகிறவனுக்கு அதைக் கொடுக்காமல் வேறு எதையோ தலையில் கட்டியதுதான்.

வி12 செத்துப்போகவில்லை, கவலைப்படாதீர்கள். லம்போர்கினி ரெவுவெல்டோவில் 6.5 லிட்டர் வி12 டர்போ இல்லாமல் மோட்டார்களோடு வாழ்கிறது. ஃபெராரியின் 12சிலிண்ட்ரி பேட்டரியும் இல்லாமல் 9,500 சுற்று போகிறது. மேல் ஸ்தாயிக்கு விலை ஏறிவிட்டது, அவ்வளவுதான். நாம் இரண்டு பேரும் எப்படியும் வாங்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு ஒன்று தருகிறேன். 2024இல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ் ஹைபிரிட்டில் இன்ஜின் 3 லிட்டரிலிருந்து 3.6 லிட்டராகப் பெரிதாகியிருக்கிறது. இரண்டு டர்போ போய் ஒன்று. சிசி ஏறியதற்குக் காரணம் புகை விதிதான். முன்பு முழு வேகத்தில் இன்ஜினைக் குளிர்விக்கக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுவார்கள். எந்த வேகத்திலும் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல்தான் என்றாகும்போது, சின்ன இன்ஜினைக் கசக்கிப் பிழிய முடியாது. திறன் குறையாமல் இருக்க சிசியை ஏற்ற வேண்டியதாயிற்று. பேட்டரியும் 1.9 கிலோவாட் மணிதான், வண்டிக்கு 50 கிலோ அளவிலேயே கூடியது. விதி சிசியைக் குறைக்க மட்டும்தான் வைக்கும் என்று அவன் நினைத்திருந்தால், இதற்கு என்ன சொல்கிறான் என்று கேட்டு எழுதுங்கள்.